பேஸ்மென்றில் மூன்று மாதம்: ஒரு ரேடான் மீற்றர்

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள் முதல் எங்கட ஸ்காபரோ வீட்டு பேஸ்மென்றில்தான் இருக்கிறார். படி ஏற முழங்கால் விடுகுதில்லை என்பார். பெரிய டிவியும் கிரிக்கெட்டும் கீழே இருப்பது வேறு கதை. நாளுக்கு 14 மணித்தியாலம் அங்கேதான். அவருக்காகத்தான் போன கார்த்திகையில் 190 டொலர் கொடுத்து நிலத்திலிருந்து வீட்டுக்குள் கசிகிற ரேடான் என்ற கதிரியக்க வாயுவை அளக்கிற இந்த மீற்றரை வாங்கினேன். கதிர்வீச்சுப் பாதுகாப்பு என்ர தொழில், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

பற்றரியைப் போட்டு அலுமாரியில் வைத்தால் வேலை முடிந்தது. முதல் நாள் கன மீற்றர் காற்றுக்கு 61 பெக்கரல் (செக்கனுக்கு 61 அணு சிதைகிறது என்று அர்த்தம்), மறுநாள் 310. அப்பா பயந்துபோனார். இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் ஒரு மணித்தியாலத்தில் பதிகிற அல்ஃபா துகள்கள் (அணு சிதையும்போது பாய்கிறவை) கொஞ்சம்தான், ஆகவே நாள் கணக்கு அப்படித்தான் துள்ளும். ஜன்னல் பூட்டியிருக்கும் குளிர்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் அளக்கச் சொல்கிறது கனடிய சுகாதாரத் துறை. மாசி முடிவில் சராசரி 230. இங்கத்தைய வழிகாட்டு அளவு 200.

இனி என்ர குறை. இது எண்ணுவது வாயுவை. உள்ளே போன ரேடானில் பெரும்பகுதி அடுத்த மூச்சிலேயே வெளியே வந்துவிடும். அது சிதைந்து பிறக்கிற பொலோனியம் 218, ஈயம் 214, பிஸ்மத் 214தான் வில்லங்கம். காற்றிலுள்ள நுண்தூசியில் ஒட்டிக்கொண்டு போய் மூச்சுக்குழாய்ச் சுவரில் படியும். மூன்றுக்கும் அரை வாழ்வு, அதாவது பாதி அணுக்கள் சிதைய எடுக்கிற நேரம், 27 நிமிடத்துக்குள். சளி மேலே தள்ளிக்கொண்டு வருவதற்குள் பெரும்பாலும் அங்கேயே சிதைந்துவிடும். அல்ஃபா திசுவுக்குள் ஓடும் தூரம் 50 முதல் 70 மைக்ரோமீற்றர், ஒரு தலைமயிர்த் தடிப்பு. மூச்சுக்குழாயில் புற்று தொடங்கக்கூடிய கலங்களும் அந்த ஆழத்துக்குள்தான் இருக்கின்றன.

மச்சாள் சொன்னாள் என்று காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றை இரண்டு கிழமை ஓடவிட்டேன். மீற்றர் அசையவில்லை. அது வாயுவைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும். தூசி குறைந்தால் ஒட்ட இடமில்லாமல் தனியே திரிகிற அணுக்களின் பங்கு கூடும்; ஒரு நானோமீற்றர் அளவான அவை மூச்சுக்குழாயில் இன்னும் நன்றாகப் படியும். ஆகவே சுத்திகரிப்பான் எவ்வளவு தூசி பிடித்ததோ அதே விகிதத்தில் கதிர்வீச்சு குறைந்தது என்று நினைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை அப்பா சாம்பிராணி போடுகிறபோது புகைத்தூசி கூடி இதெல்லாம் தலைகீழாகும். மீற்றருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்பாவுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று நானே கணக்குப் போட்டேன். வாயுவோடு ஒப்பிட அந்தச் சிதைவுப் பொருள்கள் காற்றில் எவ்வளவு என்று சொல்கிற சமநிலைக் காரணி, வீட்டுக் காற்றுக்கு வழக்கமாக 0.4. வருடத்துக்கு 5,100 மணித்தியாலம். ஐ.நா. விஞ்ஞானக் குழு பாவிக்கிற பெருக்கெண்ணைப் போட்டால் வருடம் 4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்குகிற கதிர்வீச்சின் அலகு) சொச்சம். நுரையீரலின் கணித மாதிரியை வைத்துச் சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2017இல் வெளியிட்டதைப் போட்டால் 8க்குக் கிட்ட. காற்று ஒன்றுதான், விடை இரண்டு மடங்கு! அந்தக் கணித மாதிரி நித்திரையில் மணிக்கு 0.45 கன மீற்றர் மூச்சு, சும்மா இருக்கையில் 0.54 என்று எடுக்கும். இலங்கை ஆட்டத்தின் கடைசி ஓவரில் அப்பாவின் மூச்சு அதுக்குள் அடங்காது.

கூட வருகிற செயலி இதொன்றும் சொல்லாமல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு விளக்கைக் காட்டுகிறது. 199க்கும் 201க்கும் இடையில் நிறம் மாறுவதைப் பார்த்துச் சண்டை பிடித்த வீடுகள் எனக்குத் தெரியும். இன்னொன்று: மீற்றரின் பின்பக்கத்து ஊசித்துளையைக் குத்தினால் மூன்று மாதச் சராசரி போச்சு. மகன் ஒருதரம் குத்தினான். நல்ல காலம், எண்ணை எழுதி வைத்திருந்தேன்.

ஆனாலும் 190 டொலர் வீணில்லை. நிலத்தைத் துளைத்துக் குழாய் வைத்து, கொங்கிரீட்டுக்குக் கீழிருந்தே காற்றை இழுக்கிற விசிறி பூட்டினோம். அடுத்த மாதச் சராசரி 38. எனக்கு நாலு நட்சத்திரம். விசிறிச் சத்தத்தில் வர்ணனை கேட்குதில்லை என்று அப்பா இரண்டுதான் போடுவாராம்.