எல்லையோர முதியோர் இல்லம் ஒன்று: பகல் நர்சுகளுக்கு முழு மதிப்பெண், இரவுக்குப் பாதிதான்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டாற்போல் இருக்கிறது இந்த முதியோர் இல்லம். கோவை, பொள்ளாச்சியிலிருந்து நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை சுற்றுவட்டத்துத் தமிழ்க் குடும்பங்களும் பெரியவர்களை இங்கே சேர்க்கிறார்கள். அறை சுத்தம், காற்றோட்டம் உண்டு, சாப்பாடு குறை சொல்லும்படி இல்லை. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடலாம். இங்கே எழுதுவது நர்ஸ் வேலையைப் பற்றி. டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை வந்து போகிறார். மீதி நேரமெல்லாம் சிஸ்டர்தான். படுத்த படுக்கையாகச் சேர்க்கப்பட்டவர் மூன்று மாதம் கழித்து எந்த நிலையில் இருப்பார் என்பது சிஸ்டர் கையில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கேரளாவில் ‘ஹோம் நர்ஸ்’ என்று சொன்னால் பெரும்பாலும் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் என்றுதான் பொருள். அவர் நர்சிங் படித்திருக்க வேண்டியதில்லை. ஏஎன்எம் (துணை நர்ஸ், மருத்துவச்சி) என்றால் 2 வருடப் படிப்பு, ஜிஎன்எம் (பொது நர்சிங், மருத்துவச்சிப் படிப்பு) என்றால் 3 வருடம், பிஎஸ்சி நர்சிங் 4 வருடம். கேரள நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் பதிவு எண் இவர்களுக்கு இருக்கும். அமெரிக்கா, கனடாவில் ‘பிராக்டிகல் நர்ஸ்’ என்று தனிப் பிரிவே உண்டு: லைசென்ஸ் தேர்வு எழுதியவர், ரெஜிஸ்டர்ட் நர்சை விடப் படிப்பு குறைவு, நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் மருந்து, புண் கட்டு, டியூப் வேலைகளில் பெரும்பகுதி இவர் பொறுப்பு. நம் ஊரில் அந்த இடத்தில் நிற்பவர் ஏஎன்எம், சில இடங்களில் ஜிஎன்எம். இந்த இல்லத்தில் பகலில் ஒரு ஜிஎன்எம், இரண்டு ஏஎன்எம். இவர்களுக்குக் கீழே உதவியாளர்கள். பதிவு எண் கேட்டால் தயங்காமல் காட்டுகிறார்கள். கேட்டதும் முகம் மாறுகிற இடங்கள் இருக்கின்றன, அதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவர்களுடைய பெரிய பலம் தோல் பராமரிப்பு. சேர்க்கிற அன்றைக்கே பெரியவரை முழுக்கத் திருப்பிப் பார்த்து, முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால், காது மடல் என்று இடம் இடமாகக் குறித்துக்கொள்கிறார்கள். பிரேடன் மதிப்பெண்ணும் போடுகிறார்கள். அது ஆறு விஷயங்களைப் பார்த்து 6 முதல் 23 வரை போடுகிற கணக்கு. 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் படுக்கைப்புண் வர வாய்ப்பு அதிகம். சிவந்த இடத்தை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அதுதான் முதல் நிலைப் புண். நம் ஆட்கள் அந்த இடத்தில் எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்த்துவிடுவார்கள். ஏற்கெனவே நசுங்கிப்போன திசுவைத் தேய்த்தால் இன்னும் கிழியும். இங்கே ‘சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

திருப்பிப் போடுகிற விதத்தையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம், மறைப்பதில்லை. முழு ஒருக்களித்துப் போட்டால் உடல் பாரமெல்லாம் இடுப்பெலும்பின் மேல் இறங்கும். அதனால் 30 டிகிரி சாய்த்து, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று வைக்கிறார்கள். குதிகால் படுக்கையில் படாமல் அந்தரத்தில் நிற்கிறது. பல இடங்களில் கையுறைக்குள் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்குக் கீழே வைக்கிறார்கள். அது பாரத்தைப் பரப்பாது, ஒரே இடத்தில்தான் அழுத்தும். வளையம் போன்ற காற்றுத் தலையணையும் அப்படித்தான், நடுவில் இருக்கும் தோலுக்கு ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். இரண்டையும் இந்த இல்லத்தில் காணோம். ஆளை மேலே நகர்த்தும்போது அக்குளில் கைவைத்து இழுக்காமல், கீழே விரித்த ட்ரா ஷீட்டை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி வைக்கிறார்கள். தோல் உராய்ந்து உரிவது பெரும்பாலும் அந்த இழுப்பில்தான்.

காற்றுப் படுக்கையில் மட்டும் ஒரு குறை. மோட்டார் ஓடுகிறது, குழாய்கள் மாறி மாறி உப்புகின்றன, ஆனால் அழுத்த அளவு எல்லாருக்கும் ஒரே எண்ணில் நிற்கிறது. 80 கிலோ ஆளுக்கும் 40 கிலோ பாட்டிக்கும் ஒரே அழுத்தம் சரிவராது. படுக்கைக்கும் கட்டிலுக்கும் நடுவே, படுத்திருப்பவரின் இடுப்புக்கு நேர் கீழே, உள்ளங்கையை மேல்நோக்கி நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது காற்று தட்டுப்பட வேண்டும். எலும்பே கையில் தட்டினால் அந்தப் படுக்கை இருந்தும் பயனில்லை. மேலே ரப்பர் ஷீட், அதற்கு மேல் மடித்த போர்வை, அதற்கு மேல் டயபர் என்று அடுக்கினாலும் இதே கதைதான். போய்ப் பார்க்கிறவர்கள் இந்தக் கைச் சோதனையைச் செய்துவிட்டு வாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

மருந்து விஷயத்தில் பகல் சிஸ்டர்கள் கெட்டிக்காரர்கள். எல்லையோரத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது: கோவை ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு கம்பெனிப் பெயர், பாலக்காட்டு டாக்டர் சீட்டில் வேறு கம்பெனிப் பெயர், உள்ளே இருப்பது ஒரே மருந்து. வீட்டார் இரண்டையும் வாங்கிவந்து கொடுத்துவிடுவார்கள். பிபி மாத்திரையான ஆம்லோடிபின் இப்படி இரட்டிப்பானால் பிபி இறங்கி, பெரியவர் கட்டிலை விட்டு எழும்போது தலை சுற்றி விழுவார். இங்கே மருந்துச் சார்ட்டில் கம்பெனிப் பெயரோடு உள்ளிருக்கும் மருந்தின் பெயரையும் எழுதுகிறார்கள், ஒன்றே இரண்டு தடவை வந்தால் கண்ணில் பட்டுவிடும். நொறுக்கக் கூடாத மாத்திரைகளின் பட்டியல் மருந்து அலமாரிக் கதவில் இருக்கிறது. மெதுவாகக் கரையும்படி செய்த மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

இன்சுலினுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில், சில குப்பிகளிலும், 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் ‘20’ கோடு வரை இழுத்தால் அரை மில்லி, அதாவது உள்ளே போவது 50 யூனிட். பெரியவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. மாற்றிச் செய்தால், 40 யூனிட் மருந்தை 100 சிரிஞ்சில் ‘20’ வரை இழுத்தால், 8 யூனிட்தான் போகும்; சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், டாக்டர் மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுவார். இந்த இல்லம் இரண்டு வகைச் சிரிஞ்சையும் வேறு வேறு டப்பாவில் வைத்து, குப்பியோடு சேர்த்தே எடுக்கிறது. திறந்த தேதியைக் குப்பியில் எழுதுகிறார்கள், பொதுவாக நான்கு வாரத்தில் மாற்றுகிறார்கள். பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் குப்பியை மேசை மேல் விட முடியாது. பிரிட்ஜ் கதவுத் தட்டில் இருக்கிறது, உறைபெட்டிப் பக்கம் போகவில்லை. சமையலறையிலிருந்து சாப்பாடு தயார் என்று தகவல் வந்த பிறகே ஊசி. சர்க்கரை 70-க்குக் கீழே போனால், ஆள் நினைவோடு விழுங்குகிற நிலையில் இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்கிறார்கள்.

மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் உணவிலும் குறை இல்லை. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, டியூப் இடம் மாறவில்லை என்று பார்த்துவிட்டு, பெரிய சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, அழுத்தாமல் தானாக இறங்கவிடுகிறார்கள். முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். முடிந்து ஒரு மணி நேரம் தலையைத் தாழ்த்துவதில்லை.

யூரின் பேக் மாட்டுகிற இடத்தில்தான் தவறு. பேக்கைக் கட்டிலின் சட்டத்தில் மாட்டாமல் சைடு ரெயிலில் மாட்டுகிறார்கள். ரெயிலை ஏற்றும்போது பேக்கும் ஏறுகிறது, சிறுநீர் திரும்ப உடலின் சிறுநீர்ப்பைக்குள் ஓடுகிறது. கிருமி தொற்ற அது போதும். கட்டிலுக்கு இரண்டு கொக்கி வாங்கிப் போட்டால் தீர்ந்துபோகும்.

இனி பேச்சு. சிஸ்டர்கள் பெரும்பாலும் மலையாளிகள். தமிழ் புரியும், தமிழ் சினிமா பார்ப்பவர்கள், அன்பாகவும் பேசுகிறார்கள். சிக்கல் புரியாத சொற்களில் வருவதில்லை. அவற்றைத் திருப்பிக் கேட்டுவிடுவார்கள். இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி ஒலித்து வேறு பொருள் தருகிற சொற்களில்தான் வருகிறது. ‘மயக்கமா இருக்கு’ என்று தமிழ்ப் பாட்டி சொன்னால் தலை சுற்றுகிறது, விழப்போகிறேன் என்று பொருள். மலையாளத்தில் மயக்கம் என்றால் கண்ணயர்வு, அரைத்தூக்கம். சிஸ்டர் ‘சரி, படுத்துக்கோங்க’ என்பார். பிபி, சர்க்கரை பார்க்கத் தோன்றாது. ‘பனி ஒத்துக்கல’ என்றால் நமக்குக் குளிர், அவர்களுக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டர் வரும், அதில் கெடுதல் இல்லை. மோசமானது ‘நீர்’. கொங்குப் பக்கத்துத் தாத்தா ‘நீரு எறங்க மாட்டீங்குதுங்க சிஸ்டர்’ என்கிறார். அவருக்குச் சிறுநீர் போகவில்லை. மலையாளத்தில் நீர் என்றால் வீக்கம். சிஸ்டர் குனிந்து அவர் காலைத்தான் பார்ப்பார். பாதத்தை விரலால் அழுத்திவிட்டு, வீக்கம் பெரிதாக இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

வயதான ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம் சாதாரணம். அதோடு மலச்சிக்கலும், சில சளி, தூக்க மாத்திரைகளும் சேர்ந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். டயபர் காய்ந்திருக்கும், அல்லது சொட்டுச் சொட்டாக நனைந்திருக்கும். தொப்புளுக்குக் கீழே கைவைத்தால் பந்து போலக் கெட்டியாக இருக்கும், தொட்டாலே வலிக்கும். ஆள் புரண்டுகொண்டே இருப்பார், டியூபைப் பிடுங்குவார், திட்டுவார். ஞாபக மறதி உள்ளவர் என்றால் ‘ராத்திரியில் தொந்தரவு’ என்று எழுதித் தூக்க மாத்திரை கேட்பார்கள். நிறைந்த சிறுநீர்ப்பையோடு தூக்க மாத்திரை கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அமைதியில்லாமல் புரளுகிறவருக்கு முதலில் பார்க்க வேண்டியவை வயிறு, டயபர், சர்க்கரை, வலி, கடைசியாக எப்போது மலம் போனது என்பது. பகல் ஜிஎன்எம் இந்த வரிசையைத் தவறாமல் பார்க்கிறார். மொழிச் சிக்கலை அவரிடம் சொன்ன பிறகு மயக்கம், பனி, நீர் என்ற மூன்று சொற்களையும் இரண்டு மொழியிலும் எழுதி நர்ஸ் மேசையில் ஒட்டியிருக்கிறார்கள்.

இரவு எட்டு மணிக்கு மேல்தான் மதிப்பெண் இறங்குகிறது. இரண்டு மாடிக்கும் சேர்த்து ஒரே ஏஎன்எம். மேல்மாடியில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் என்றால் கீழே யாரும் இல்லை, உதவியாளர் மட்டும்தான். இரண்டு மணிக்கொருமுறை திருப்ப வேண்டியவர்கள் கீழே ஏழெட்டுப் பேர். ஒருவரை இரண்டு பேர் சேர்ந்து திருப்பி, டயபர் பார்த்து, தலையணை வைக்கப் பத்து நிமிடமாவது ஆகும். கணக்குப் போட்டாலே தெரியும், ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். திருப்பும் சார்ட்டைப் பார்த்தால் 10, 12, 2, 4 என்று நான்கு கட்டமும் ஒரே பேனா, ஒரே சாய்வில் கையெழுத்து, ஒரே மூச்சில் போட்டது போல. பகல் கட்டங்களில் கையெழுத்து மாறி மாறி இருக்கிறது, நேரம் 2.10, 4.25 என்று விழுந்திருக்கிறது. அதுதான் உண்மையான சார்ட். அந்த ஏஎன்எம் மேல் பழி போடுவதில் நியாயம் இல்லை. இன்னும் ஓர் ஆளைப் போடுவது நிர்வாகத்தின் கடமை, அதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

காலை ட்யூட்டி மாற்றமும் அவசரமாக நடக்கிறது. மேசையில் உட்கார்ந்தபடி நோட்டைப் படித்து முடித்துவிடுகிறார்கள். கட்டில் கட்டிலாக நடந்து, போர்வையை விலக்கிக் காட்டி ஒப்படைத்தால் இரவில் வந்த சிவப்பு காலை ஆறரைக்கே தெரிந்துவிடும். இப்போது பத்து மணிக் குளியலில்தான் தெரிகிறது.

கட்டணம் மூன்று நிலை: நடப்பவர், பிடித்து நடப்பவர், படுத்திருப்பவர். டயபர், கையுறை, சர்க்கரை சோதிக்கும் பட்டை, பிசியோதெரபி எல்லாம் தனி பில். சேர்க்கும் முன் இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நடக்கிற, தானே சாப்பிடுகிற பெரியவருக்கு இந்த இல்லத்தைத் தயங்காமல் சொல்லலாம். டியூபும் இன்சுலினும் உள்ளவருக்கும் சொல்லலாம். தானாகப் புரள முடியாதவரைச் சேர்ப்பதென்றால், இரவுக்கு இரண்டாவது நர்ஸ் எப்போது வருவார் என்று தேதி கேளுங்கள். அதுவரை கீழ்மாடியில், நர்ஸ் மேசைக்கு எதிர்க் கட்டில்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பார்க்கப் போகிறவர்கள் பகல் பதினோரு மணிக்குப் போகாமல் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை போய், அந்தச் சார்ட்டில் பத்து மணிக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.