பட்டியலா, கட்டமா, மரமா, பெருக்கலா? விளைவுகளை எண்ண எது கைகொடுக்கும்?

நிகழ்தகவுக் கணக்கில் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது எண்ணிக்கையில். பின்னத்தைச் சுருக்குவதெல்லாம் சரியாகவே வரும். கீழே எழுதிய மொத்தம்தான் தப்பாக இருக்கும். எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று தெரிந்தால் பாதித் தவறு குறையும்.

இரண்டு நாணயங்களைச் சுண்டினால் பட்டியலே போதும்: தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ. நடுவில் உள்ள இரண்டையும் ஒன்றாக்கி, மூன்றே விளைவுகள் என்று எழுதுவது மிகப் பழைய பிழை. பிரெஞ்சுக் கணித மேதை தலாம்பேர்கூட 1754இல் வேறொரு வழியில் வழுக்கி, முதலில் தலை விழுந்தாலே போதும் என்று தலை, பூ-தலை, பூ-பூ என மூன்றாக எண்ணி, ஒரு தலையாவது விழ 2/3 வாய்ப்பு என்றார். சரியான விடை 3/4. நாணயங்களில் ஒன்றுக்கு மையால் பொட்டு வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது. மூன்று நாணயங்களுக்கு 8 வரிசைகள். முதல் நிரலில் நான்கு தலை, நான்கு பூ, அடுத்ததில் இரண்டிரண்டாக, கடைசியில் ஒன்றுவிட்டு ஒன்று. இப்படி நிரப்பினால் எதுவும் விடுபடாது. நான்காவது நாணயம் வந்தால் பட்டியலை விட்டுவிடுங்கள்.

இரண்டு பகடைகளுக்குக் கட்டத்தை மிஞ்ச எதுவுமில்லை. 6 நிரை, 6 நிரல், 36 கட்டம். ஒவ்வொன்றிலும் கூட்டுத்தொகையை எழுதினால், 7 மூலைவிட்டமாக 6 இடங்களில் விழும். எனவே 6/36, அதாவது 1/6. கூட்டுத்தொகை 11க்கு இரண்டு கட்டம், 12க்கு ஒன்றுதான். ‘ஒரு 6ஆவது விழ’ என்று கேட்டால் பலர் 6+6=12 என்பார்கள். (6,6) நிரையிலும் நிரலிலும் இருப்பதால் இருமுறை எண்ணப்பட்டுவிட்டது; விடை 11/36. ஆனால் மூன்றாவது பகடை வந்தால் கட்டத்தில் இடமில்லை.

எடுத்ததைத் திருப்பி வைக்காத கணக்குக்கு, ஒவ்வொரு முறை எடுப்பதையும் கிளைகளாகப் பிரித்து வரையும் மர வரைபடம். பையில் 3 சிவப்பு, 2 நீலப் பந்துகள். இரண்டை அடுத்தடுத்து எடுக்கிறோம். முதல் கிளைகள் 3/5, 2/5. சிவப்புக்குப் பின் 2/4, 2/4; நீலத்துக்குப் பின் 3/4, 1/4. கிளை வழியே பெருக்கினால் நுனிகளில் 6/20, 6/20, 6/20, 2/20. நான்கு நுனி இருப்பதால் ஒவ்வொன்றும் 1/4 என்று எடுத்துக்கொள்வதும், இரண்டாம் கிளையிலும் கீழே 5 போடுவதும்தான் இங்கே வழக்கமான தவறுகள். நுனிகளின் கூட்டுத்தொகை 1 வருகிறதா என்று பார்த்த பிறகே மேலே போக வேண்டும்.

பெருக்கல் வேகமானது. நான்கு இலக்கப் பூட்டுக்கு 10×10×10×10 = 10,000 எண்கள்; இலக்கம் திரும்ப வரக்கூடாது என்றால் 10×9×8×7 = 5,040. ஆனால் அது மொத்தத்தை மட்டுமே தந்துவிட்டு, நமக்கு வேண்டியவை எவை என்று காட்டாது. அதனால் இதை முதலில் சொல்லிக்கொடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கடினமான கணக்கில் இரண்டு வழிகள் சேர வேண்டும். மூன்று பகடைகளில் கூட்டுத்தொகை 9க்கும் 10க்கும் ஆறாறு சேர்க்கைகளே உண்டு. ஆனாலும் 10 சற்று அதிகமாக விழுவது ஏன் என்ற கேள்விக்கு விடை எழுதியவர் கலிலியோ. 1,2,6 போன்ற சேர்க்கை 6 விதமாக வரும். 2,2,5 மூன்று விதமாக. 3,3,3 ஒரே விதமாக. சேர்க்கைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் விதங்களையும் கூட்டினால் 9க்கு 25, 10க்கு 27. மொத்தம் 6×6×6 = 216.