டிசம்பர் லீவுக்குச் சிங்கப்பூரா, ஹாங்காங் தீவா?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை வெளிநாடு என்றாலே சிங்கப்பூர்தான். யாருக்காவது ஒரு மச்சானோ சித்தப்பா மகனோ அங்கே இருப்பார். நாங்களும் ஒரு டிசம்பரில் போய் வந்தோம். போன வருஷம் அரையாண்டு லீவுக்கு மறுபடி அதே பேச்சு எழுந்தபோது, நான் ஹாங்காங்குக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். தோல் கண்காட்சிக்காக அங்கே போய்வரும் ஆம்பூர் நண்பர் ஏற்றிவிட்ட ஆசை அது.

சிங்கப்பூரில் எது சுலபம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சென்னையிலிருந்து தினமும் பல விமானங்கள், பலகைகளில் தமிழ், லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போனால் இட்லி. சாப்பாட்டில் ஹாங்காங் தோற்றுத்தான் போகும். காய்கறி நூடுல்ஸ் என்று கேட்டு வாங்கிய கிண்ணத்தின் அடியில் காய்ந்த இறால் கிடந்தது. என் மனைவி அதற்குப் பிறகு ரொட்டியும் வாழைப்பழமும்தான். விசாவில் மட்டும் ஹாங்காங் ஒரு படி மேல்: 14 நாள் வரை தங்குவதற்கு வருகையை இணையத்தில் இலவசமாக முன்கூட்டியே பதிவு செய்து, அந்தத் தாளை எடுத்துப் போனால் போதும்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது வானிலைதான். நமக்கு மழை கொண்டுவரும் அதே வடகிழக்குக் காற்று இரண்டு தீவுகளிலும் அடிக்கிறது. ஹாங்காங்குக்கு அது சீன நிலப்பரப்பைக் கடந்து வருவதால் காய்ந்து, குளிர்ந்து சேர்கிறது. அப்புறம் தென்சீனக் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு போய்ச் சிங்கப்பூரில் கொட்டுகிறது. சிங்கப்பூரில் மழை அதிகமாகப் பெய்யும் மாதங்களில் டிசம்பரும் ஒன்று. அந்தப் பயணத்தில் பாதி நேரம் மால்களுக்குள்தான் ஒதுங்கிக் கிடந்தோம். ஹாங்காங்கில் 15 முதல் 20 டிகிரி வரை, மேகமில்லாத வானம். ஏலகிரிக்கு வாங்கிய ஸ்வெட்டரே போதுமாக இருந்தது. வேலூர் வெயிலில் பால் வாங்கப் போகவே வண்டி எடுக்கும் நான், அங்கே ஒரு நாள் முழுக்க நடந்தேன்.

நடக்க முடிந்ததால்தான் வரலாறும் கடைத்தெருவும் ஒரே சுற்றில் முடிந்தன. ஹாங்காங் தீவின் மையப் பகுதியான சென்ட்ரலில் 1993 முதல் ஓடும் நகரும் படிக்கட்டு, சுமார் 800 மீட்டர், மேடேறும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். காலை பத்து மணி வரை கீழ்நோக்கி ஓடும் என்பதால் அதற்குப் பிறகு போங்கள். பாதியில் இறங்கிச் சிறிது நடந்தால் 1847இல் கட்டிய மான் மோ கோவில். கல்விக்கும் போருக்கும் ஒவ்வொரு தெய்வம். கூரையிலிருந்து சுருள் சுருளாக ஊதுவத்திகள் தொங்கும். பிளஸ் டூ படிக்கும் என் மகள் கல்வித் தெய்வத்தின் முன் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். கீழே இறங்கினால் அப்பர் லாஸ்கர் ரோ. பழைய நாணயம், கடிகாரம், பீங்கான் விற்கும் சந்து. கப்பல்களில் வேலை பார்த்த இந்திய லஸ்கர்களின் பெயர் இன்னும் அந்தத் தெருவில் நிற்கிறது. பேரம் பேசலாம், பேச வேண்டும். ஹாங்காங்கில் விற்பனை வரியே கிடையாது. சிங்கப்பூரில் 9 சதவீத வரியைக் கட்டிவிட்டு, விமான நிலையத்தில் திரும்பக் கேட்க வேண்டும்.

தோல் பை மட்டும் வாங்காதீர்கள். ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அங்கே போய் வாங்கினால் ஊரில் சிரிப்பார்கள்.

1904 முதல் ஓடும் டிராமில் பின்னால் ஏறி, இறங்கும்போது முன்னால் காசு போட வேண்டும். தீவின் கிழக்கே சாய் வான் போர்க் கல்லறையில், 1941 டிசம்பரில் ஜப்பானியரோடு போரிட்டு இறந்த இந்தியச் சிப்பாய்களுக்கும் நினைவிடம் இருக்கிறது. வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் கம்மவான்பேட்டை நமக்குப் பக்கத்து ஊர் என்பதாலோ என்னவோ, மலை உச்சிக்கு ஏறும் பீக் டிராமுக்கு நின்ற வரிசையை விட அந்த அரை மணி நேரம்தான் மனதில் தங்கியது.

இதெல்லாம் டிசம்பரில் ஒரே ஒருமுறை போய்வந்தவன் சொல்வது. மே மாத லீவுதான் கிடைக்கும் என்றால் என் பேச்சைக் கேட்க வேண்டாம். அப்போது ஹாங்காங்கில் புழுக்கமும் மழையும் தொடங்கிவிடும். அடுத்து வரும் மாதங்களில் புயல் வேறு. எட்டாம் எண் எச்சரிக்கை ஏற்றினால் படகுகளும் நின்றுவிடும், கடைகளும் மூடிவிடும். சரி, அந்த மாதத்தில் சிங்கப்பூருக்கே போங்கள், மச்சான் வீட்டில் சாப்பாடாவது கிடைக்கும்.