முதல் சந்திப்பில் தாளா, பேச்சா?

பதினாறு வயது மகள் பேட்மின்டன் ஆடுகிறாள். பயிற்சியில் வெளுத்து வாங்குவாள், போட்டியில் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் 19-19 என்று சமமாக வந்துவிட்டால் கை நடுங்கி சர்வீஸை நெட்டில் அடித்துவிடுவாள். அதற்காக விளையாட்டு உளவியல் ஆலோசகர்கள் இரண்டு பேரை முதல் தடவை போய்ப் பார்த்தோம். கட்டணம், தூரமெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், அதை விடுங்கள்.

முதலாமவர் போனதும் சிஎஸ்ஏஐ-2 என்ற பதற்றம் அளக்கும் கேள்வித்தாளை நீட்டினார். 27 கேள்விகள், மனப் பதற்றம், உடல் பதற்றம், தன்னம்பிக்கை மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். பின்னாடி மறுபடி எழுதவைத்து ஒப்பிடலாம், அது வசதிதான். ஆனால் அந்தத் தாள் போட்டிக்குச் சற்று முன்னால் இருக்கும் பதற்றத்தை அளக்க உருவானது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏசி அறையில் உட்கார்ந்து எழுதினால் என்ன தெரியும்?

இரண்டாமவர் ஒரு வட்டம் வரைந்து துண்டு துண்டாகப் பிரித்தார். நல்ல ஆட்டக்காரிக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று அவளையே எழுதச் சொல்லி, ஒவ்வொன்றிலும் தனக்குப் பத்துக்கு எத்தனை என்று போடச் சொன்னார். 1992இல் பட்லர், ஹார்டி என்ற உளவியலாளர்கள் முன்வைத்த முறையாம். 'தப்பான லைன் கால் வந்தா உடனே மறக்கணும்' (பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தப்பாகத் தீர்ப்பு வந்தால்) என்று எழுதி, பக்கத்தில் 3 போட்டாள். நாங்களோ அதுவரை சர்வீஸையே திட்டிக்கொண்டிருந்தோம்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது வட்டம் இல்லை. அதற்கும் முன்னால், அவள் சொல்வது இந்த அறையைத் தாண்டாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உங்களிடம் சொல்வேன், கோச்சுக்கு அவள் சம்மதிப்பதுதான் போகும் என்று எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். காசு கொடுக்கிறவன் நான், கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. முதலாமவரிடம் கேட்டபோது ரிப்போர்ட் கோச்சுக்கும் போகும் என்றார். டீமுக்கு ஆள் எடுப்பதே அந்தக் கோச்தான்! எந்தப் பிள்ளை பயம் என்று டிக் போடும்? பயமே இல்லை என்று போட்டதாக பஸ்ஸில் வரும்போது அவளே சொன்னாள். மதிப்பெண் பிரமாதம், பிரயோஜனம்தான் இல்லை. கோச்சுக்குப் போகாது என்ற உறுதியோடு யாராவது தாள் கொடுத்தால் என் கணக்கு மாறலாம்.

இரண்டாமவரிடம் நாலு மாதமாகப் போகிறாள். 19-19 நடுக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை, அதனால் இதுதான் பலன் தரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கால்பந்து, கபடி மாதிரி குழு ஆட்டத்துக்கு எப்படியோ. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்றும் கேட்காதீர்கள், அந்த ஒரு மணி நேரமும் நான் எதிர் டீக்கடையில் இருக்கிறேன்.