கூவவா, காசு வாங்கவா, பின்னால் நிற்கவா? புறக்கோட்டை நடைபாதைக் கடையில் நண்பனுக்கு ஏற்ற வேலை

தீபாவளி நெருங்க நெருங்கக் கொழும்பு புறக்கோட்டையில் பிரதான வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் கால் வைக்க இடம் இருக்காது. அங்கே நடைபாதையில் கடை போட்டிருக்கிற நண்பன், "மச்சான், இந்தச் சனி ஞாயிறு வந்து நில்லேன்" என்று கேட்டால் மறுக்க முடியாது. போய் எங்கே நிற்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிறுபிள்ளைகளின் உடுப்பு விற்கிற கடை என்று வைத்துக்கொள்வோம். முன்னால் நின்று கூவலாம், காசு வாங்கலாம், பின்னால் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கலாம்.

கூவுவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அது கடைக்காரனின் வேலை. "எண்ட, பலன்ட" (வாங்க, பாருங்க) என்று ஒரு மூச்சில் சிங்களத்திலும் அடுத்த மூச்சில் தமிழிலும் ஆளைக் கூப்பிட உங்களுக்கும் வரும்தான். ஆனால் கூப்பிட்டவர் நின்று விலை கேட்பாரே! எந்த உடுப்பை எவ்வளவுக்கு எடுத்தான், எந்தப் பொதிக்குப் பின் திகதியிட்ட காசோலை கொடுத்திருக்கிறான், எதை முதலுக்கே தள்ளிவிட்டாலும் பரவாயில்லை என்பதெல்லாம் அவன் தலைக்குள் மட்டும் இருக்கிற கணக்கு. நீங்கள் ஐம்பது ரூபா குறைத்தால் அது பெருந்தன்மை இல்லை, அவனுடைய லாபம்.

காசு வாங்குவது அப்படி இல்லை, பார்க்க லேசு. நண்பன் முதலில் நீட்டுவதும் அதைத்தான். நம்பிக்கையான ஆள் வேண்டும் அல்லவா? என் அபிப்பிராயம், நெரிசலில் நம்பிக்கை மட்டும் போதாது, விலை தெரிந்திருக்க வேண்டும். பேரம் பேசுகிற கடையில் ஒரே சட்டை ஒருவருக்கு எண்ணூற்றைம்பது, அடுத்தவருக்கு எழுநூற்றைம்பது. அவன் முன்னால் முடித்த விலை பின்னால் இருக்கிற உங்கள் காதுக்கு வராவிட்டால், வாங்குபவர் சொல்வதுதான் விலை. அவன் விலையை உரக்கச் சொல்லவும், நீங்கள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கை நீட்டவும் பழகியிருந்தால் மட்டும் இந்த இடத்தில் நில்லுங்கள்.

சில்லறை இன்னொரு தலைவலி. காலையிலேயே எழுநூற்றைம்பது ரூபாச் சட்டைக்கு ஐயாயிரம் ரூபாத் தாள் வரும். அப்படி இரண்டு பேர் வந்தால் பெட்டியில் இருந்த நூறும் ஐந்நூறும் கரைந்துவிடும். பக்கத்துக் கடையில் மாற்றலாம் என்றால் அவனும் அதே தவிப்பில் இருப்பான். வாங்கிய தாளை உடனே பெட்டிக்குள் போடாமல், மீதியை எண்ணிக் கொடுத்து முடிக்கும் வரை பெட்டி மேலேயே வைத்திருப்பது நல்லது. "நான் ஐயாயிரம் தந்தேன், ஆயிரத்துக்குத்தான் மீதி தந்தீர்கள்" என்ற சண்டைக்கு அப்புறம் இடமில்லை.

கியூஆரில் காசு போடுகிறவர்களும் உண்டு. அவர் போன் திரையைக் காட்டி "போட்டாச்சு" என்பார். காசு வந்ததற்கான எஸ்எம்எஸ் வருவது நண்பனின் போனுக்கு, அந்தப் போன் அவன் கால்சட்டைப் பையில். அதைக் கேட்டு வாங்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் காசு வாங்க உட்காரவே கூடாது.

சனிக்கிழமைகளில் ரேஸ்கோர்ஸில் கூடுகிற குட் மார்க்கெட் போல, விலை எழுதி ஒட்டியிருக்கிற இடம் என்றால் நான் மறுபேச்சில்லாமல் காசுப் பெட்டியைத்தான் எடுப்பேன். அங்கே விலை எல்லோருக்கும் ஒன்று, யாரும் உட்காரலாம்.

புறக்கோட்டையில் என்னுடைய தேர்வு பின்பக்கம். பெயர் இல்லாத வேலைதான், ஆனால் வியாபாரம் தப்பிப் போவது பெரும்பாலும் அங்கேதான். வெளியே தொங்குவது மாதிரிக்கு ஒன்று, மற்றதெல்லாம் பொதிக்குள். "இதிலேயே ஒரு சைஸ் பெரிசு இருக்கா?" என்று ஒரு தாய் கேட்கும்போது 24-க்கு அடியில் 26 எங்கே இருக்கிறது என்று கை தானாகப் போக வேண்டும். தேடிக்கொண்டு நின்றால் அவர் அடுத்த கடையில் நிற்பார். அதனால் கூட்டம் சேருமுன் காலையிலேயே சைஸ் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பொதியிலும் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதிவிடுங்கள். விரித்துப் பார்த்துவிட்டுப் போட்டதை உடனுக்குடன் மடிக்க வேண்டும். குவியலாகக் கிடந்தால் அது கழிவு விலைச் சாமான் என்று நினைத்துப் பேரம் இன்னும் கீழே இறங்கும். இன்னொன்று, முன்னால் நிற்பவன் வாங்குபவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். மேசை மூலையில் எந்தக் கை எதை எடுக்கிறது என்பது பின்னால் நிற்பவருக்குத்தான் தெரியும்.

மழையும் இந்த இடத்துக்குத்தான் வேலை வைக்கும். ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் காலை வெயில் அடித்தாலும் பின்னேரம் இடியோடு கொட்டுவது வழக்கம். தறப்பாளை அவிழ்த்து இழுக்க ஒருவர், தரையில் இருக்கிற பொதிகளை மேசை மேல் ஏற்ற ஒருவர், குறைந்தது இரண்டு ஆள் வேண்டும். காசுப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவர் எழுந்து வர முடியாது. கிறிஸ்மஸ் சீசனில் இந்தத் தொல்லை குறைவு.

உதவிக்கு இன்னொருவரும் வந்தால் அவரைக் காசுக்கு உட்கார வையுங்கள், நீங்கள் பின்னாலேயே நில்லுங்கள். யார் உட்கார்ந்தாலும், காலையில் பெட்டியில் போடுகிற சில்லறையை நண்பனும் அவரும் சேர்ந்து எண்ணி, தொகையை ஓர் அட்டைத் துண்டில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட வேண்டும். இரவு கணக்குப் பார்க்கும்போது முதலில் கழிக்க வேண்டிய தொகை அது.