பாயின் கரைப் பூ: புள்ளிப் படமா, கோட்டு வரைபடமா?

பத்தமடையில் பாய் நெய்யும் குடும்பத்தார் தங்கள் கரைப் பூக்களைக் கணினியில் சேர்த்துத் தரும்படி கேட்டபோது, புகைப்படம் எடுத்து, நிறப் புள்ளிகளால் ஆன புள்ளிப் படமாக அப்படியே வைப்பதா, கோடுகளாக வரைந்து வெக்டர் கோப்பாக வைப்பதா என்று யோசித்தேன். இரண்டாவதையே தேர்ந்தேன், என் சாய்வு அதன் பக்கம்தான்.

இரண்டுக்கும் வேர்கள் வேறு. 1957-இல் அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் தம் கைக்குழந்தையின் புகைப்படத்தை 176-க்கு 176 புள்ளிகளாகக் கணினியில் ஏற்றினார். 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லாண்ட், ஒளிப்பேனாவால் திரையிலேயே கோடுகளை வரையும் ஸ்கெட்ச்பேட் என்ற மென்பொருளைத் தம் ஆய்வேடாக அளித்தார்.

புகைப்படம் எடுப்பது எளிது, நிறம் பிசகாது, பெரிதாக்கினால் ஓரம் படிக்கட்டாகும். இவை எல்லோரும் அறிந்தவை. என்னைத் தீர்மானிக்க வைத்தது பின்னாளில் வரும் திருத்த வேலை. கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்வதுண்டு. பெயர் நீண்டால் பக்கத்துப் பூக்கள் ஒதுங்கியாக வேண்டும். புள்ளிப் படத்தில் பூ என்று தனியாக எதுவும் இல்லை, நிறப் புள்ளிகளே உள்ளன என்பதால், ஒவ்வொரு முறையும் வெட்டி, ஒட்டி, அழிக்க வேண்டியிருக்கிறது. ஸ்கெட்ச்பேடிலோ ஒரு மூல வரைபடத்தைத் திருத்தினால் அதன் பிரதிகள் அனைத்தும் தாமே திருந்தின; இன்றைய வெக்டர் மென்பொருள்கள் பலவற்றிலும் அந்த வசதி உண்டு. கரையில் நாற்பது பூ இருந்தாலும் ஓர் இதழை ஒரே முறை திருத்தினால் போதும்.

பாவும் ஊடுமாக அமைந்த பாயே ஒரு புள்ளிக் கட்டம்தானே என்று நெய்பவர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்விதான். ஆனால் நயம் பாய்க்கும் சாதாரணப் பாய்க்கும் இழை நெருக்கம் வேறு. ஒன்றுக்கென எண்ணிய கட்டம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. கோடாக இருந்தால் அது எந்தெந்தக் கட்டங்கள் வழியே போகும் என்பதைக் கணினியே கணக்கிடும், 1962-இல் ஐ.பி.எம். கணினி நிறுவனத்தில் ஜாக் பிரெசன்ஹாம் அமைத்த கணக்கு இவ்வகைப்பட்டதே.

புகைப்படத்திலிருந்து கோடுகளைத் தானாகப் பிரித்தெடுக்கவும் வழியுண்டு. லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1963-இலேயே கனவடிவங்களின் புகைப்படங்களில் விளிம்புகளைக் கண்டறிந்து கோட்டுச் சித்திரமாக்கினார். நான் இரண்டு பாய்களில் மட்டுமே முயன்றேன். மென்பொருள் கோரையின் ஒவ்வொரு வரியையும் விளிம்பாக எடுத்துக்கொண்டதால் கையாலேயே வரைந்தேன். இரண்டு பாய்களைக் கொண்டு அந்த முறையைக் குறை சொல்ல மாட்டேன். சாயம் மங்கிய பழைய பாய்களுக்கு மட்டும், நிறம் பார்க்க, புகைப்படத்தையும் உடன் வைத்திருக்கிறேன்.