திருகோணமலையில் வெளிநாட்டுப் பணம்: சொந்தக் கம்பனியா, கிளையா, கூட்டா?

உப்புவெளியில் ஒரு தேநீர்க் கடை. ரொறன்ரோவிலிருந்து வந்த இரண்டு பேர் என் முன்னால் நில அளவைப் படம் ஒன்றை விரித்தார்கள். கடல் காற்றுக்குப் பறக்காமல் ஒரு மூலையில் பிளேன்ரீக் கோப்பை, மறு மூலையில் கைபேசி. நிலாவெளியில் பன்னிரண்டு அறைகளோடு ஒரு ஹோட்டல், அதுதான் திட்டம். மச்சானோடு கூட்டுச் சேர்ந்தால் காணியையே வாங்கிவிடலாம் என்றார் ஒருவர். யாரையும் இழுக்காமல் நாமே கம்பனி பதிவோம் என்றார் மற்றவர். இரண்டு பேரும் பிறந்தது மூதூரில். ஆனால் கையில் இருப்பது கனடாக் கடவுச்சீட்டு மட்டும். இரட்டைக் குடியுரிமை எடுக்கவில்லை. சட்டத்தின் கணக்கில் இருவரும் வெளிநாட்டார்தான்.

முதலில் கிளையைத் தள்ளிவைத்தோம். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் தன் பெயரிலேயே இங்கே பதிந்து தொழில் செய்யலாம். அதற்குக் குறைந்தது 2 லட்சம் அமெரிக்க டொலர் உள்ளே கொண்டுவர வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், கிளைக்கென்று தனிச் சட்ட ஆளுமை கிடையாது. நிலாவெளியில் ஒரு விருந்தாளி படியில் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் பதில் சொல்ல வேண்டியது ரொறன்ரோக் கம்பனி. பொறியியல் ஒப்பந்த வேலைக்கு வந்து முடித்துவிட்டுப் போகிறவர்களுக்குக் கிளை சரி. ஹோட்டலுக்கு வேண்டாம். தொடர்பு அலுவலகம் இன்னும் குறைவு. சந்தையைப் பார்க்கலாம், ஆள் சந்திக்கலாம், ஒரு ரூபாய்கூட உழைக்க முடியாது.

சொந்தக் கம்பனி என்றால் தனியார் வரையறுக்கப்பட்ட கம்பனி. ஹோட்டல் தொழிலில் பங்கு நூறு வீதமும் வெளிநாட்டார் கையில் இருக்கலாம். ஒரு இயக்குநர் போதும். கம்பனிச் செயலாளர் கட்டாயம், உள்நாட்டில் பதிவு முகவரி கட்டாயம். இணையத்தில் பதியலாம். பதிந்து 30 வேலை நாளுக்குள் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போட வேண்டும். இதை மறந்துவிட்டு ஒரு வருடம் கழித்து என்னிடம் ஓடிவருகிறவர்கள் நிறைய. வரி என்று பார்த்தால் கம்பனி லாபத்துக்குப் பொதுவான வீதம் 30, பங்கிலாபம் வெளியே போகும்போது 15 வீதம் பிடித்துவைப்பார்கள். உங்கள் நாட்டோடு வரி உடன்படிக்கை இருந்தால் அது குறையலாம். ஊழியருக்கு ஈபிஎஃப் (சேமலாப நிதி) முதலாளி பங்கு 12 வீதம், ஈரிஎஃப் (நம்பிக்கை நிதி) 3 வீதம். வேலையாட்கள் 15 பேரைத் தொட்டுவிட்டால் ஒழுக்கக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த, அவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். பன்னிரண்டு அறைக்கு எத்தனை பேர் வைப்பது என்று எண்ணும்போது இதையும் எண்ணுங்கள்.

கூட்டுத் தொழிலுக்குத் தூரப் போய் உதாரணம் தேட வேண்டாம், சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 61 தாங்கிகளைப் பார்த்துக்கொள்ளும் கம்பனியில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், இந்தியன் ஒயிலின் கம்பனியான லங்கா ஐஓசிக்கு 49. எங்கள் ஊர் மச்சான்மாரும் இதே எண்களைத்தான் சொல்கிறார்கள், காரணம் வேறு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டார் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனி காணி வாங்க முடியாது. 49 என்றால் வாங்கலாம். இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வரியை யாரும் வாசிப்பதில்லை: அந்தப் பங்கு 20 வருடத்துக்கு 50க்குக் கீழேயே இருக்க வேண்டும். பத்தாவது வருடம் மச்சான் விலக நினைத்தால் அவருடைய பங்கை நீங்கள் வாங்க முடியாது. வாங்கினால் காணி கைமாறியதே செல்லாமல் போகும்.

49 வீதக்காரருக்கு ஒரு கவசமும் உண்டு. கம்பனியின் யாப்பை மாற்றுவது, சொத்தில் பாதிக்கு மேல் விற்பது போன்ற பெரிய முடிவுகளுக்கு விசேட தீர்மானம் வேண்டும், அதற்கு 75 வீத வாக்கு. நீங்கள் தலையாட்டாமல் அது நடக்காது. ஆனால் அன்றாடக் காரியம் இயக்குநர் சபையில் ஓடுகிறது. யார் எத்தனை இயக்குநரை நியமிப்பது, காசோலையில் யார் கையெழுத்து என்பதைச் உறவுக்காரர்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டுவிட்டால், தடுக்கத்தான் உங்களால் முடியும், நடத்த முடியாது. நான் பார்த்த கூட்டுத் தொழில் சண்டைகளில் பாதி காசோலைப் புத்தகத்தில்தான் தொடங்கின.

நான்காவதாக ஒரு வழி, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: தங்கச்சியின் பெயரில் காணி, தங்கச்சியின் கணக்கில் பணம். லண்டனில் இருந்த ஒருவர் இரண்டு வருடமாக இப்படி அனுப்பிக் கட்டினார். விற்று வெளியே கொண்டுபோக வேண்டிய நாளில் வங்கி ஒரு கேள்விதான் கேட்டது: முதலீடு வந்த தாள் எங்கே? தங்கச்சியின் சேமிப்புப் புத்தகத்தில் குடும்பச் செலவும் சீமெந்துச் செலவும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஒழுங்கான பாதை, வங்கியில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு. பங்குக்கான பணம் அதன் வழியே உள்ளே வந்தால், பங்கிலாபமும் விற்ற காசும் அதே வாசலால் திரும்பிப் போகும். சொந்தக் கம்பனியோ கூட்டோ, எதுவானாலும் முதல் டொலருக்கு முன் திறக்க வேண்டியது இந்தக் கணக்கு.

முதலீட்டைக் கவனிக்கும் அரச அமைப்பான முதலீட்டுச் சபைக்குப் போகலாமா என்றும் கேட்டார்கள். 1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தில் இரண்டு கதவுகள். 16ஆம் பிரிவு என்றால் அனுமதி கிடைக்கும், நாட்டின் வழமையான சட்டங்கள்தான் பொருந்தும். 17ஆம் பிரிவு என்றால் ஒப்பந்தம், சுங்க வரி போன்றவற்றில் விலக்குகள். பழைய ஆட்கள் சபை என்றதும் வரி விடுமுறையை நினைக்கிறார்கள். 2018இல் நடைமுறைக்கு வந்த வருமான வரிச் சட்டத்தோடு அந்தக் காலம் பெரும்பாலும் போய்விட்டது. பெரிய இயந்திரம் இறக்குகிறவர்களுக்கு 17ஆம் பிரிவு லாபம். கட்டிலும் ஏசியும் வாங்குகிறவர்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: ஹோட்டலோடு சேர்த்துப் பயண முகவர் தொழிலும் தொடங்க ஆசைப்பட்டால், சபையின் ஒப்புதல் இல்லாமல் வெளிநாட்டார் பங்கு 40 வீதத்தைத் தாண்ட முடியாது.

அரசாங்கமே கைவைத்தால் என்ன செய்வது என்று இருவரில் மூத்தவர் கேட்டார். அதற்குப் பதில் கிழக்கிலேயே இருக்கிறது. 1987 ஜனவரியில் மட்டக்களப்புப் பக்கம் ஒரு இறால் பண்ணை படை நடவடிக்கையில் அழிந்தது. அதில் பங்கு வைத்திருந்த ஹொங்கொங் கம்பனி (ஹொங்கொங் அப்போது பிரித்தானியாவின் கீழ் இருந்தது), பிரித்தானியாவோடு இலங்கை 1980இல் செய்த முதலீட்டு உடன்படிக்கையைக் காட்டி சர்வதேச நடுவர் மன்றம் போனது. 1990இல் 4 லட்சத்து 60 ஆயிரம் டொலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. இரு நாட்டு உடன்படிக்கையை மட்டும் வைத்து அந்த மன்றம் தீர்த்த முதல் வழக்கு அதுதான். ஆகவே பங்கை எந்த நாட்டிலிருந்து பிடிக்கிறீர்கள் என்பதும் ஒரு தேர்வுதான்.

என் ஓட்டு சொந்தக் கம்பனிக்கு, காணி குத்தகைக்கு. வெளிநாட்டார் 99 வருடம் வரை குத்தகை எடுக்கலாம். வாங்கினால்தான் சொந்தம் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் விட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் குத்தகைக்கும் காணி சுத்தமாக இருக்க வேண்டும். இங்கே உறுதி எழுதிய தனியார் காணி ஒன்று, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி வேறு. பெர்மிட்காரர் பிரதேச செயலகத்தைத் தாண்டி உங்களுக்கு எதையும் எழுதித் தர முடியாது. நொத்தாரிசு முப்பது வருடத் தோம்பை (காணிப் பதிவேட்டை) தேடும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள். உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். நிலாவெளியில் கடலைப் பார்த்து அறை என்றால் அந்த 300க்குள்தான்.

தோம்பு சரியாக வந்தது. உறுதிக் காணிதான், சொந்தக்காரர் எழுபது தாண்டிய ஒரு அம்மா. வரைவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"தொண்ணூற்றொன்பது வருசமோ தம்பி? அப்ப ஆர் இருந்து காணியைத் திருப்பி வாங்கிறது?"

முப்பதுக்கு இறங்கினோம், இன்னொரு முப்பதுக்குப் புதுப்பிக்கும் உரிமையோடு. மச்சான் முகாமையாளராக வருகிறார், மாதச் சம்பளத்துக்கு. காசோலையில் கையெழுத்து இல்லை.